ஆடு பார்த்த கடல்

வலது கண்ணை மூடினால் முன் சீட்டுப் பெரியவரின் சட்டை டீ வடிகட்டின துணி மாதிரி இருக்கிறது. இடது கண்ணை மூடினால் அதே சட்டை இப்போதுதான் வெள்ளையடித்த சுவர். ஒரே மனிதர், ஒரே சட்டை, சைதாப்பேட்டையில் நான் ஏறியதிலிருந்து அவர் அசையக்கூட இல்லை. கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலே மாறி மாறி மூடித் திறந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். பக்கத்து சீட்டுப் பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள், இந்தக் கிழவி யாருக்குக் கண்ணடிக்கிறாள் என்று. பார்க்கட்டும். போன வாரம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள், இடது கண் அடுத்த மாதம். நடுவில் இந்தக் கொஞ்ச நாள் எனக்கு இரண்டு உலகம் இருக்கிறது, இரண்டையும் பார்க்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம். தூசியில் போகக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மூன்றில் இரண்டைக் கடைப்பிடித்து வருகிறேன். கோகிலா சொட்டு மருந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில்தான் கிளம்பினேன். அவள் நல்ல மருமகள், ஆனால் கேள்வி கேட்பாள். அத்தை, இந்தக் கண்ணோட எங்க போறீங்க என்பாள். கடலைப் பார்த்துட்டு வரேன் என்றால் உடனே மகனுக்கு போன் போகும். மடியில் இருக்கிற சுருளை அவள் பார்த்திருந்தால் இன்னும் மோசம். தினத்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, சந்தையில் வாங்கின முருங்கைக்காய்க் கட்டு மாதிரி வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது என் கடல்.

"பாட்டி, எங்க போகணும்?" கண்டக்டர் பையை இடித்துக்கொண்டு வந்து நின்றார். "கடைசி ஸ்டாப்" என்றேன். பெண்களுக்கு இலவசம் என்பதால் காசு கேட்கவில்லை, ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். நான் வரைந்த ஆட்டுக்கும் இந்தச் சலுகை இருந்திருந்தால் கதையே இல்லாமல் போயிருக்கும். சந்தைக்கு ஓட்டிப் போகிற வழியில் தப்பித்து பஸ்ஸில் ஏறிவிடும். டிக்கெட் எங்கே என்று கேட்கிற கண்டக்டரின் டிக்கெட் கட்டைத் தின்றுவிடும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒவ்வொருவராக இறங்குவார்கள், பூக்காரி, தபால்காரர், கல்யாணப் பெண்ணோடு ஒரு கும்பல். ஆட்டுக்கு இறங்க வேண்டிய ஸ்டாப் என்று ஒன்று கிடையாது, அதனால் அது கடைசி வரை போகும். கடைசியில் கடல். புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கமும் முழுக்கக் கடல், கீழ் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஆட்டின் முதுகு, ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. 'ஆடு ஏறிய பஸ்'. அதைப் படித்துவிட்டுத் தூங்கின பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி, இப்போது அந்தப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். எத்தனையோ வரைந்திருக்கிறேன். மாதப் பத்திரிகைக்குக் குரங்கும் முதலையும், பாடநூலுக்குத் தவளையின் வயிறு, சுகாதாரச் சுவரொட்டிக்குக் கொசு. அந்தக் கொசுவைப் பார்த்து ஒரு கிராமமே ஊருக்குள் கொசு இவ்வளவு பெரிசு இல்லை, நமக்கு ஆபத்து இல்லை என்று சொன்னதாக ஒரு அதிகாரி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். புத்தகங்கள் எத்தனை என்று எண்ணச் சொன்னால் எண்ண மாட்டேன். ஆனால் எந்த மேடைக்குப் போனாலும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், தவமணி என்றால் ஆடுதான். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஒரு ஆட்டை உருப்படியாகச் செய்துவிட்டுப் போவது லேசுப்பட்ட காரியமா. பயம் அதில்தான் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஷெரின் போன் பண்ணுவாள். படங்களை ஸ்கேன் எடுத்துவிட்டார்கள், சிவகாசியில் அச்சு மெஷின் காத்துக்கொண்டிருக்கிறது. அம்மா, ஓகேவா என்பாள். நான் சரி என்றால் இந்தச் சுருளில் இருக்கிற கடல்தான் இனிமேல் ஆட்டின் கடல், அடுத்த முப்பது வருஷத்துக்கு. இல்லை என்றால் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வராது. புதுப் பதிப்பகம், அந்தப் பெண் தனியாக நின்று நடத்துகிறாள், விழா, மேடை, பேனர் எல்லாம் முடிவாகிவிட்டது. பேனரிலும் ஆட்டின் முதுகுதான்.

சின்னமலை சிக்னல். இடது கண்ணால் பார்த்தால் சிவப்பு விளக்கு ஆறிப்போன கரி மாதிரி கிடக்கிறது. வலது கண்ணால் பார்த்தால் நானே பிரேக் போட்டுவிடுவேன் போல இருக்கிறது. எவ்வளவு நாளாக இந்தப் புரையோடு இருந்திருக்கிறேன் என்று இப்போதுதான் கணக்குப் போடுகிறேன். வெள்ளை வெளுக்கவில்லை என்று கோகிலாவை எத்தனை தடவை திட்டியிருப்பேன். சோப்பை மாற்று, நீலம் போடு, வெயிலில் உலர்த்து என்று அவளைப் படுத்தி எடுத்தேன். பாவம், அவள் நீலம் போட்டுப் போட்டு என் புடவையெல்லாம் வானம் மாதிரி ஆகியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வீட்டுக்காரர் இருந்த கடைசி வருஷத்தில், உங்க முகம் மஞ்சளாகிக்கிட்டே வருது, காமாலைதான் என்று சொல்லி அவரை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல தவம், நீ போய்க் கண்ணைக் காட்டு" என்றார். எனக்கா, கண்ணா, ஊரே என் கண்ணை நம்பித்தானே நிறம் தெரிந்துகொள்கிறது என்றேன். இப்போது யோசித்தால், அவர் முகத்தின் சரியான நிறம் கடைசியில் என்னவாக இருந்தது என்றே எனக்குத் தெரியாது. அது தாங்க முடியாத யோசனை, அதற்குப் பக்கத்தில் அதிக நேரம் உட்கார முடியாது. பஸ் கிளம்பிவிட்டது. ராயப்பேட்டை பெயிண்ட் கடைக்காரரிடம் சண்டை போட்டது ஞாபகம் வருகிறது. இப்பெல்லாம் நீலத்துல சரக்கே இல்ல, தண்ணியக் கலந்து குடுக்கிறீங்க என்று சத்தம் போட்டு, இன்னும் இரண்டு டியூப் அடர் நீலம் வாங்கி வந்தேன். அந்த இரண்டு டியூபும் போன மழைக்காலத்தில் இந்தக் கடலுக்குள் போய்விட்டன. கண்ணில் இருந்த அழுக்கை எல்லாம் நீலத்தால் கழுவப் பார்த்திருக்கிறேன். அதோடு நின்றதா. போன பத்து வருஷத்தில் நான் வரைந்த மயில், ரயில், பூசணிக்காய், அத்தனையும். பேராசிரியர் ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார், பிற்காலத் தவமணியின் நிறங்களில் ஒரு துணிச்சல், மரபை மீறும் ஒரு கொந்தளிப்பு என்று. நான் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன், கோகிலாவிடமும் வாசிக்கக் கொடுத்தேன். கொந்தளிப்பாம். கண்ணில் திரை விழுந்து கிடந்திருக்கிறது, அதற்குப் பெயர் கொந்தளிப்பு.

சிரிப்பு வருகிறது, ஆனால் பயமும் வருகிறது. சொன்னால் என்ன, பயமாகத்தான் இருக்கிறது. கண்தான் கெட்டதா, இல்லை கையும் கெட்டுவிட்டதா. கண் என்றால் டாக்டர் இருக்கிறார், படுக்க வைத்து கால் மணி நேரத்தில் மாற்றிவிடுகிறார். கைக்கு எந்த ஆஸ்பத்திரி. பழைய பிரதி ஒன்றை ஸ்கேன் செய்து அப்படியே போட்டுவிடலாம் என்றுதான் ஷெரின் முதலில் கேட்டாள். பழைய நெகட்டிவ் எல்லாம் கிடங்கில் ஈரத்தில் ஒட்டிப் பாளமாகிவிட்டதாம். நான்தான் வேண்டாம் என்றேன். வரைந்தவள் உயிரோடு இருக்கும்போது நகல் எதற்கு, மறுபடியும் வரைகிறேன், இந்த முறை முழு வண்ணத்தில் என்றேன். அகம்பாவம் என்றால் அகம்பாவம். எனக்கு அது இல்லாமல் ஒரு கோடுகூட நேராக வராது. ஆனால் அந்தப் பழைய கடல், அதை நான் எப்படி வரைந்தேன் என்பதை நினைத்தால் இந்த மடியில் இருப்பதை ஜன்னல் வழியாக வீசிவிடலாம் போல் இருக்கிறது. தர்மபுரியில் பெண்கள் பள்ளியில் ஓவிய டீச்சர் நான். கடலைப் பார்த்தது கிடையாது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் கிணறு, மிஞ்சினால் ஏரி, அதுவும் வருஷத்தில் பாதி நாள் கிரிக்கெட் மைதானம். மதுரையில் செல்லையா அண்ணாச்சி பதிப்பகம் வைத்திருந்தார், அவருக்குக் கட்டுபடியானது இரண்டே கலர். கறுப்பு ஒன்று, கூட இன்னொன்று. கறுப்பில் வர வேண்டியதை ஒரு தாளில் வரைவேன். மற்ற கலரில் வர வேண்டியதை அதன் மேல் டிரேசிங் ஷீட்டை ஒட்டி, அதையும் கறுப்பு மையில்தான் வரைய வேண்டும். கேமராவுக்குக் கறுப்புதான் தெரியும், மெஷினில் ஏற்றும்போது அவர்கள் கலரைப் போட்டுக்கொள்வார்கள். ஆக, பார்க்காத கடலைக் கறுப்பு மையில் வரைந்தேன். ராத்திரியும் பகலும் இல்லாத ஒரு கடல். எதையும் பார்த்திராத ஆடு, எதையும் பார்த்திராத டீச்சர், இரண்டு பேரும் ஒரே மாதிரி முழித்துக்கொண்டு நின்றோம். தபாலில் அனுப்பிவிட்டேன். ஓரத்தில் 'நீலம்' என்று மட்டும் எழுதியிருந்தேன், என்ன நீலம் என்று எழுதத் தெரியவில்லை. அன்றைக்கு சிவகாசி மெஷினில் தீப்பெட்டி லேபிளுக்குக் கரைத்த நீலம் மீதி கிடந்ததாம். அதையே ஊற்றி ஓட்டிவிட்டார்கள். கொஞ்சம் பச்சை கலந்த, கொஞ்சம் சோர்ந்த, கொஞ்சம் தூக்கம் வருகிற நீலம். அண்ணாச்சி கையில் புத்தகத்தோடு நேரே தர்மபுரிக்கே வந்துவிட்டார். "ஏம்மா, இந்தக் கடலு என்னமோ பண்ணுதும்மா. எங்க வீட்டுச் சின்னவ பார்த்துட்டு அழுதா. ஏன் அழுதேன்னு கேட்டா, ஆடு எப்படித் திரும்பிப் போகும்னு கேக்கா" என்றார். அந்தக் கேள்வியை அதற்கப்புறம் எத்தனையோ பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். ஆடு பயந்துச்சா, சந்தோசப்பட்டுச்சா என்றும் கேட்பார்கள். முதுகுதானே தெரிகிறது, நீங்கள் போய்த் திருப்பிப் பாருங்கள் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உண்மையில் எனக்கே தெரியாது. கல்யாணம் ஆகி மெட்ராஸ் வந்த முதல் வாரம் இவர் என்னை மெரினாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலையே பார்க்காமல் கடல் வரைந்தவள் முதன்முதலாகப் பார்க்கப்போகிறாள் என்று மனிதருக்கு ஒரே பரபரப்பு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எப்படி இருக்கு என்றார். நான் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, கிட்டத்தட்ட நம்ம கடல் மாதிரியே வந்திருக்கு" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் சிரித்தார்.

மத்திய கைலாஷ் தாண்டிவிட்டது. பெரியவர் இறங்கிவிட்டார், சுவரும் டீத்துணியும் சேர்ந்து இறங்கிப் போயின. பக்கத்து சீட்டுப் பெண் அடையாறு சிக்னலில் எழுந்தாள், போகும்போது, "கண்ணு ஆபரேசனாம்மா? வெளிச்சத்துல கண்ணாடியக் கழட்டாதீங்க, எங்க மாமியார் இப்படித்தான்" என்று அதட்டிவிட்டுப் போனாள். சரி என்று போட்டுக்கொண்டேன், அவள் இறங்கியதும் மறுபடியும் இறக்கிக்கொண்டேன். நேற்று டாக்டரிடம் கேட்டேன், எல்லாமே இப்படிப் பளபளன்னு குத்துதே, இதுதான் நிஜமா என்று. அவர் சின்னப் பையன், என் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவன், ஆபரேஷன் மேஜையிலேயே ஆடு கதை சொன்னவன். "இதுதாம்மா நிஜம். ஆனா ரொம்ப நாள் இப்படித் தெரியாது. ரெண்டு மூணு வாரத்துல மூளைக்குப் பழகிடும், அப்புறம் எல்லாம் சாதாரணமாயிடும்" என்றான். சமாதானமாகத்தான் சொன்னான். எனக்கு அந்த வார்த்தை அப்போதிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. பழகிடும். பஸ்ஸில் இப்போது நானும் கண்டக்டரும் பின்னால் காதில் ஒயர் மாட்டின ஒரு பெண்ணும்தான். ஒவ்வொரு ஸ்டாப்பாக எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இதை நான்தான் ஒரு காலத்தில் வரைந்தேன், பக்கம் பக்கமாக சீட்டுகள் காலியாகிக்கொண்டே வரும். காலி சீட்டு வரைவது கஷ்டம், ஆள் இருந்த சீட்டுக்கும் ஆளே உட்காராத சீட்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அப்போது கை அதை யோசிக்காமல் செய்தது. இப்போது செய்யுமா. செய்யும். செய்யாமல் என்ன, காலையில் காபி டம்ளரை வரைந்து பார்த்தேன், கையில் நடுக்கம் கிடையாது. ஆனால் காபி டம்ளர் வேறு, கடல் வேறு. சரி என்று சொல்லிவிட்டால்தான் என்ன. யாருக்குத் தெரியப்போகிறது. பிற்காலத் தவமணி என்று பேராசிரியர் இன்னொரு கட்டுரை எழுதுவார். ஷெரினுக்கு விழா நடக்கும். பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும், அவர்களுக்கும் தெரிகிறது என்பது தெரியாது. பக்கத்தைத் திருப்புவார்கள், நீலமாக இருக்கும், சரி என்று மூடிவிடுவார்கள். யாரும் அழ மாட்டார்கள். ஆடு எப்படித் திரும்பிப் போகும் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது, வேறு யார் மேலும் இல்லை, அந்த இரண்டு டியூப் மேல்.

"பாட்டி, கடைசி ஸ்டாப், எறங்குங்க." இறங்கினேன். பெசன்ட் நகரில் வெயில் இன்னும் ஏறவில்லை, சுண்டல்காரர்கள்கூட வரவில்லை. நடந்து போய் மணல் ஆரம்பிக்கிற இடத்தில் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். முதலில் கடலைப் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். தலையைக் குனியாமல் கையால் தடவித் தடவி ரப்பர் பேண்டை எடுத்து, தாளை விரித்து, ஒரு முனையைச் செருப்பாலும் ஒரு முனையைப் பையாலும் அழுத்தினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். டாக்டர் மன்னிக்கட்டும், ஒரு நிமிஷம்தான். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் தாளைப் பார்த்தேன், நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். தாள், கடல். கடல், தாள். ஒன்றுதான். அச்சு அசலாக ஒன்றுதான். அந்தப் பழுப்பும், அந்த அழுத்தமும், தூரத்தில் வானத்தோடு ஒட்டுகிற இடத்தில் கலங்குகிற அந்தக் கலக்கமும்கூட. நெஞ்சில் இருந்து ஏதோ ஒன்று இறங்கியது. கை பொய் சொல்லவில்லை. கண் என்ன கொடுத்ததோ அதை ஒரு பொட்டு கூடாமல் குறையாமல் தாளில் வைத்திருக்கிறது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இவ்வளவு நேர்மையான ஒரு கை எவளுக்கு இருக்கும், காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். அந்தச் சந்தோஷத்தோடேயே கையை மாற்றி, இடது கண்ணைப் பொத்தினேன். தாள் என்னைப் பார்த்துக் கத்தியது. சொட்டு நீலத்தைக் கவிழ்த்துவிட்டது போல ஒரு நீலம், அதன் மேல் ஒரு பாவப்பட்ட ஆடு. இதை எந்தப் பிள்ளையும் நம்பாது. பிள்ளைகளுக்கு இருப்பது இந்த வலது கண் மாதிரிக் கண்தான், இரண்டு பக்கமும். பிறகு மெதுவாக, சட்டென்று வேண்டாம், மெதுவாக, தலையைத் தூக்கினேன்.

தாளில் இருந்த எதுவும் அங்கே இல்லை. நீலம் என்று எதைச் சொல்வது என்றே தெரியவில்லை. கரையோரம் மணல் கலந்து காபி நிறம், அதற்கப்பால் ஒரு பச்சை, அந்தப் பச்சை ஒவ்வொரு அலையும் எழும்போது கண்ணாடியாகி உள்ளே வெளிச்சம் போய்வந்தது, அதற்கும் அப்பால் வெள்ளி, அதற்கும் அப்பால் எனக்குப் பெயர் தெரியாத ஒன்று. அது அசைந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் நிற்காமல் நிறம் மாறி மாறி அசைந்துகொண்டிருந்தது, இவ்வளவு வருஷம் இதன் பக்கத்திலேயே குடியிருந்தும் இது அசையும் என்பதை நான் கவனித்ததே இல்லை போலிருந்தது. மெரினாவில் அன்றைக்கு நான் பார்த்தது என் புத்தகத்தைத்தான். அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் அதன் நகல். கண்ணில் தண்ணீர் வந்தது, தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், துடைக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவர் பக்கத்தில் இருந்திருந்தால் எப்படி இருக்கு என்று கேட்டிருப்பார். பரவாயில்லை என்று சொல்லியிருக்க மாட்டேன். ஆடு பயந்ததா சந்தோஷப்பட்டதா என்றால், இரண்டும்தான். இரண்டும் ஒரே நேரத்தில், கால் நான்கும் மணலில் புதைந்து, திரும்பிப் போவதை மறந்து. இரண்டு மூன்று வாரம் என்று டாக்டர் பையன் சொன்னான், அதில் ஒரு வாரம் ஏற்கெனவே கோகிலா போட்ட சொட்டு மருந்தில் கரைந்துவிட்டது. பழகிவிடும். பழகுவதற்கு முன்னால் ஆடாக இருக்க எனக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவினேன். தாளைத் திருப்பிப் போட்டேன், பின்பக்கம் நல்ல வெள்ளை, வலது கண்ணுக்கு அது எவ்வளவு வெள்ளை. பையில் போன் அடித்தது. பன்னிரண்டு இன்னும் ஆகவில்லை, அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, பார்த்துட்டீங்களா? ஓகேன்னா மெஷின்ல ஏத்தச் சொல்லிடறேன்."

"நிறுத்தச் சொல்லு ஷெரின்."

சின்னக் குரலில், "விழா வெச்சிருக்கோமேம்மா. பேனர்லாம் அடிச்சாச்சு. என்னாச்சும்மா, எது சரியில்ல?"

"விழா நடக்கட்டும், நான் வந்து மேடையில கதை சொல்றேன், புத்தகம் அப்புறமா வரட்டும். மத்த பக்கத்தையும் ஒருதடவை இந்தக் கண்ணால பாக்கணும். கடலை மட்டும் இன்னிக்கே ஆரம்பிச்சிடறேன், பத்து நாள் குடு."

"அம்மா, நாப்பது வருஷமா நீங்க வரையற கடல்தானே."

"அது நான் பார்க்காத கடல். இப்பதான்மா பாக்குறேன்."

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். போனைச் சுவர் மேல் வைத்துவிட்டு, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கீழ் மூலையில் முதலில் ஆட்டின் முதுகைப் போட்டேன்.